திறப்பு

கொளப்பள்ளியில் பஸ் நின்றபோது
மழை எனக்கு முன்பே இறங்கியிருந்தது.
போதகர் தேவசித்தம் குடையோடு வந்து
"சிஸ்டருக்குத் தமிழ் வருமா?" என்றார்.
நான் அட்டனில் பிறந்தவள்.
ஊட்டி எஸ்.பி. அலுவலகத்துப் படிவத்தில்
வெளிநாட்டவர்.
நோக்கம்: மதப்பணி. காலம்: பத்து மாதம்.
நிரந்தர முகவரிக் கட்டத்தில்
ஒரு லயத்தின் எண்ணை எழுதினேன்.
அதுவும் கம்பெனியினுடையதுதான்.

வாடகைக்கு ஒரு அறை, ஒரு அடுக்களை,
தகரம் பறக்காமலிருக்கக் கூரைமேல் ஏழு கல்.
"திறப்பு எங்க?" என்று கேட்டேன்.
வீட்டுக்காரர் குஞ்ஞுமுகம்மது கதவைத் திறந்து காட்டினார்.
இல்லை, திறப்பு.
ஜன்னலையும் திறந்தார், பாவம்.
எதிர் லயத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தவள்
ஈரக்கையோடு சிரித்தாள்:
"சாவியக் கேக்குது காக்கா.
எங்கம்மா போனப்புறம் இந்தச் சொல்ல
இன்னிக்குத்தான் காதுல கேக்குறேன்."

சிவபாக்கியம். நாலு வயதில் கப்பலில் வந்தவள்.
முதல்நாளே சொன்னாள்:
பழுத்த பலா வீட்டில் வைக்காதே.
வாசம் பிடித்து அவர் வந்துவிடுவார்.
"எவர்?"
இருட்டில் பேர் சொல்லக்கூடாதாம்.

ஒரு ஆணி அடிக்கலாமா என்று
ஒரு வாரம் யோசித்தேன்.
பத்து மாதத்துக்கு ஆணி எதற்கு?
பிறகு அடித்தேன்.
அதனால் அது வீடாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
குடை தரையில் கிடக்கவில்லை, அவ்வளவுதான்.
அதற்குமேல் ஈரத் துண்டு, வேதாகமப் பை,
கவ்வாத்து விறகு கட்டிவந்த கயிறு
எல்லாம் அந்த ஒரே ஆணியில்.

செவ்வாய்க்கிழமை ஜெபம்.
இரவெல்லாம் குறிப்பெடுத்த செய்தியை முடித்ததும்
கேள்வி இருக்கிறதா என்பேன்.
இருந்தது.
பாண் இப்போ என்ன விலை?
மல்லியப்பூச் சந்தியில் இன்னும் பஸ் திரும்புதா?
நோர்வூட்டில் கோயில் பக்கத்து ஆலமரம்?
"இருக்கு" என்றேன். பார்த்ததில்லை.
ஜெபக்கூட்டத்தில் நான் சொன்ன முதல் பொய்.
மற்றவற்றை எண்ணவில்லை.

சிவபாக்கியம் கூட்டத்துக்கு வருவதில்லை.
அவளுக்கு மாரியம்மன் போதும்.
ஆமென் கேட்டதும் வருவாள்,
சாயத்தண்ணியும் ஆளுக்கொரு துண்டு வெல்லமுமாக.

எட்டாம் மாதம் அவளுக்கொரு தாள் வந்தது.
ஓய்வு வயது. வீட்டைக் காலி செய்யவும்.
எழுத்துக்கூட்டி நான்தான் வாசித்தேன்.
எனக்குப் பத்து மாதம்,
அவளுக்கு ஐம்பத்துநாலு வருஷம்,
இரண்டு தாளிலும் ஒரே மாதிரி நீல முத்திரை.
"ஒனக்காவது போற தேதி வந்தன்னிக்கே தெரியும்"
என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புறப்பட இரண்டு நாள் இருக்க
பலா கொண்டுவந்தது அவளேதான்.
"காயிதான். ரெண்டு நாள் தாங்கும்.
வேற என்னத்த நான் குடுக்க?"
தாங்கவில்லை.
மறுநாள் மாலையே அடுக்களை மணந்தது.
தின்ன மனமில்லை, திருப்பிக் கொடுக்க வாயில்லை,
கம்பளி போர்த்தி வைத்தேன்.

இரவு இரண்டு மணிக்கு
செங்கல் ரஸ்க் மாதிரி நொறுங்கியது.
கட்டிலுக்கடியில் கிடந்தேன்.
மனப்பாடமான வசனம் ஒன்றுகூட வரவில்லை.
"போயிருங்க சாமி, போயிருங்க சாமி" என்று
யாரோ முனகினார்கள். நான்தான்.
லயம் முழுக்கத் தட்டு தட்டியது, வெடி போட்டது.

விடிந்தபோது அடுக்களைச் சுவர் இல்லை.
அடுப்பிலிருந்து பார்த்தால் தேயிலைச் சரிவு முழுதும் தெரிந்தது.
பத்து மாதத்தில் இப்படியொரு ஜன்னல்
எனக்கு வாய்க்கவில்லை.
ஆணி அடித்த சுவர் நின்றது. குடையும்.
கம்பளியில் பலாப்பால் பிசுபிசுத்தது.
"ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் குஞ்ஞுமுகம்மது,
மூன்றுதரம்.

ஜீப்பில் பையை ஏற்றிவிட்டு
பழக்கத்தில் கதவைச் சாத்திப் பூட்டினேன்.
இழுத்தும் பார்த்தேன்.

உள்ளேயிருந்து குரல்.
செங்கல் பொறுக்கச் சுவர்வழி நுழைந்திருக்கிறாள்.
"என்னையும் சேத்தா பூட்டுற?"

கையில் திறப்பு.
எந்தப் பக்கமாகப் போய்க் கொடுப்பது என்று
தெரியாமல் நின்றேன்.